இருபது ரூபாய் முஹுரி

கல்கத்தா ஹைகோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர், மாதம் இருபது ரூபாய்க்குக் கோர்ட்டில் கட்டு எடுத்துக் கொடுத்தவர். சம்புநாத் பண்டிட் என்று பெயர். காஷ்மீரத்துப் பண்டிதர் குடும்பம். பிறந்தது 1820ல், கல்கத்தாவில். 1841ல் கம்பெனியின் மேல் கோர்ட்டான சதர் திவானி அதாலத்தில் ரெக்கார்டு கீப்பருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். அப்புறம் டிக்ரி (தீர்ப்பாணை) நிறைவேற்றும் பிரிவில் முஹுரி. தீர்ப்பு வாங்கியவன் அதைக் காசாக்க முடியாமல் அலைவதை அந்த மேஜையிலிருந்தே தினமும் பார்த்தவர், டிக்ரி நிறைவேற்றும் சட்டத்தைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதிவிட்டார். 1848ல் அதே கோர்ட்டில் வக்கீல். 1855ல் பிரசிடென்சி காலேஜில் சட்டப் பேராசிரியர். 1863ல் நீதிபதி. (இவருக்கு முன்னால் ராம்மோகன் ராயின் மகன் ராமபிரசாத் ராயை நியமித்தார்கள், நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் இறந்துபோனார்.) பவானிபூரில் சம்புநாத் பண்டிட் பெயரில் தெருவும் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது. முஹுரி பெயரில் ஆஸ்பத்திரி உள்ள ஊர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முஹுரி என்றால் நம் ஊர் வக்கீல் குமாஸ்தாதான். நானும் அந்தக் கூட்டத்து ஆள். பிறந்தது மாயவரம். வேலை பார்த்தது கல்கத்தா ஹைகோர்ட்டுக்கு எதிரே, ஓல்ட் போஸ்ட் ஆபீஸ் தெருவில் ஓர் அட்டர்னி ஆபீஸில். குடியிருப்பது சாந்த்ராகாச்சியில், மாமனார் ரயில்வேக்காரர், அவர் வாங்கிப் போட்ட மனையில் கட்டிய வீடு. அப்பா மாயவரம் முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா. அவர் பெருமையாகச் சொல்லும் கதைகள் இரண்டு. ஒன்று, தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தது. அதிலும் அப்பா நாவலைச் சொல்ல மாட்டார். பிள்ளை 1848ல் திருச்சி கோர்ட்டில் ரெக்கார்டு கீப்பராக ஆரம்பித்து, மொழிபெயர்ப்பாளராகி, அப்புறம்தான் முன்சீப் ஆனார் என்பதைச் சொல்வார். இன்னொன்று முத்துசாமி ஐயர். திருவாரூர்ப் பக்கத்தில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு எடுபிடியாக இருந்த பையன். 1856ல் பிளீடர் தேர்வில் தேறி, பிறகு சென்னை ஹைகோர்ட்டின் நீதிபதியானவர். சென்னை ஹைகோர்ட்டில் இருக்கும் அவர் சிலையின் கால்களில் செருப்பு கிடையாது. அப்பா அங்கே போனபோதெல்லாம் சிலையின் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவாராம்.

இந்த மூன்று பேரும் முதலில் கட்டைப் பிரித்துப் படித்தார்கள், பிறகுதான் சட்டத்தைப் படித்தார்கள். அந்தக் காலத்தில் அது சாத்தியமாக இருந்தது. கம்பெனி கோர்ட்டுகளில் 1837 வரை பாரசீகம்தான் எழுத்து மொழி. ரெகுலேஷன்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. தீர்ப்புகள் அச்சாகி எல்லார் கைக்கும் வருவது அபூர்வம். எந்த அலமாரியில் எந்த வழக்கின் கட்டு இருக்கிறது என்று அறிந்தவனுக்கே சட்டம் தெரிந்திருந்தது. வக்கீலாவதற்குக் கோர்ட் வைக்கும் தேர்வில் தேறினால் போதும். காலேஜ் வாசலை மிதித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. ரெக்கார்டு ரூமிலிருந்து நீதிபதி நாற்காலிக்கு ஏணி ஒன்று சாத்தி வைத்திருந்தது. அதை யார் எப்போது எடுத்தார்கள் என்பதுதான் என் தொழிலின் சரித்திரம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கல்கத்தா ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1774ல் இங்கே சுப்ரீம் கோர்ட் வைத்தபோது இங்கிலாந்திலிருந்து வழக்கறிஞர்களை இரண்டு ரகமாகவே இறக்குமதி செய்தார்கள். கட்சிக்காரனைப் பார்த்து, காகிதம் தயாரித்து, வழக்கைத் தாக்கல் செய்பவர் அட்டர்னி. கோர்ட்டில் எழுந்து பேசுபவர் பாரிஸ்டர். பாரிஸ்டர் கட்சிக்காரனிடம் நேரே பேச மாட்டார், அட்டர்னி கோர்ட்டில் வாதாட மாட்டார். 1862ல் சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் சேர்ந்து ஹைகோர்ட் ஆனபோதும், புது வழக்குகள் நேரே வரும் ஒரிஜினல் சைடில் இந்த இரட்டை முறை அப்படியே நின்றது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தால் அதன் மேல் நடந்துபோக ஆள் வேண்டாமா? அட்டர்னி பக்கத்தில் மேனேஜிங் கிளார்க், பாரிஸ்டர் பக்கத்தில் ‘பாபு’. மாவட்டக் கோர்ட் வக்கீல்களுக்கு முஹுரி. கோர்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சர்க்கார் எழுத்தர்கள் தனி.

அட்டர்னிகள் சாமானியர்கள் இல்லை. 1914ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பூபேந்திரநாத் பாசு கல்கத்தா அட்டர்னிதான். 1911ல் தேவி பிரசாத் கைத்தான் தொடங்கிய ஆபீஸ் இன்று நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. அவர் அரசியல் சாசன வரைவுக் குழுவில் ஓர் உறுப்பினர். அட்டர்னி ஆக வேண்டுமென்றால் ஓர் அட்டர்னியிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து, வருஷக் கணக்கில் ஆர்ட்டிகிள்டு கிளார்க்காக உழைத்து, தேர்வுகளில் தேற வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியில் வந்தார்கள். ஆர்ட்டிகிள்டு கிளார்க்குக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் அட்டர்னி என்று சொல்வார்கள். உண்மையில் சொல்லிக் கொடுத்தவர் மேனேஜிங் கிளார்க். அவருக்குத் தேர்வு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, ஓய்வுபெறும் நாளில் ஒரு கடிகாரம் கிடைக்கும்.

நான் இதற்குள் வந்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வழியாக. அறுபதுகளில் மாயவரத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யோ பி.யூ.சி.யோ முடித்த பையன் ஹையர் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 45 வார்த்தை அடித்து, சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டால், ரயிலேறிவிடுவான். கல்கத்தா ஆபீஸ்களில் ‘மதராஸி ஸ்டெனோ’ என்பது ஒரு தனிச் சரக்கு. லேக் மார்க்கெட் பக்கத்தில் மெஸ்ஸில் சாப்பாடு, அங்கேயே அறைக்கு நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை பாரதி தமிழ்ச் சங்கம். நான் 1969ல் போய்ச் சேர்ந்தேன். கம்பெனிகளில் கெராவும் (மேனேஜரைச் சூழ்ந்து அடைத்து வைப்பது) லாக்-அவுட்டுமாக ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 1967ல் ஜே என்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் கெராவ் என்றால் சட்டப்படி என்ன என்று ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஊரில் தொழில் படுத்தால் அட்டர்னி ஆபீஸ் எழுந்து நிற்கும். எனக்கு வேலை கிடைத்ததற்கு அதுவே காரணம்.

எங்கள் மேனேஜிங் கிளார்க்கை எல்லாரும் பொரோ பாபு என்போம். சட்டை காலர் நைந்திருக்கும், மடிப்பு கலையாது. டிகிரி இல்லை. ஒரிஜினல் சைடின் 1914ம் வருஷ விதிகள் முழுதும் அவருக்கு மனப்பாடம். அதற்கும் முந்தைய பெல்சேம்பர்ஸ் புத்தகம் ஒன்று, அட்டை போய் நூலில் தொங்கிக்கொண்டு, அவர் டிராயரில் இருக்கும். பெல்சேம்பர்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஹைகோர்ட்டின் ரிஜிஸ்திராராக இருந்தவர். அவர் தொகுத்த நடைமுறை நூலை நீதிபதிகளே எடுத்துக் காட்டுவார்கள். என்னிடம் பொரோ பாபு முதல் நாளில் சொன்னது: “மாத்ராஜி, உன் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. அதை இப்போதைக்கு மூட்டை கட்டி வை. தேதி எழுதத் தெரியுமா?”

பயிற்சி அங்கிருந்துதான். முதலில் ப்ரீஃப் மடிக்கவும் கட்டவும். பாரிஸ்டருக்குப் போகும் காகிதங்கள் நீளவாக்கில் மடிந்து, பேக் ஷீட்டில் வழக்கின் பெயர், எந்தப் பக்கம், யார் அட்டர்னி என்று தெரிய, நாடாவால் கட்டியிருக்க வேண்டும். நாடாவின் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழாவிட்டால் பொரோ பாபு திருப்பி எறிவார். கோர்ட்டில் ஜட்ஜ் கேட்கும்போது பாரிஸ்டர் முடிச்சோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது அவர் நியாயம். அடுத்து காஸ் லிஸ்ட் படிப்பது. மறுநாள் எந்த ஜட்ஜ் முன்னால் எது எத்தனையாவது வரும், அதற்கு மேலே இருப்பவற்றில் எது வாய்தா வாங்கும், எது நாள் முழுக்க இழுக்கும் என்று கணிக்க வேண்டும். அது ஜோசியம் மாதிரித் தெரியும். ஆனால் எந்த வக்கீல் ஊரில் இல்லை, எந்த ஆபீஸ் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியெல்லாம் கையில் இருந்தால் கணக்குத் தப்பாது.

அந்தச் செய்தி கிடைக்கும் இடம் ரயில். இங்கே சாந்த்ராகாச்சி வருகிறது. பெங்கால் நாக்பூர் ரயில்வே 1900ல் கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றுக்குப் பாலம் போட்டு ஹவுராவைத் தொட்டதும், இந்தப் பாதையில் இருந்த கிராமங்களெல்லாம் கல்கத்தா ஆபீஸ்களுக்குப் பக்கத்து வீடாகிவிட்டன. சாந்த்ராகாச்சி அதுவரை சேனைக்கிழங்குக்குப் பேர்போன ஊர். சாந்த்ராகாச்சி ஓல் என்றால் நாக்கு அரிக்காது என்று வங்காளி அடித்துச் சொல்வான். ரயில் வந்தபின் கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே குமாஸ்தாக்களின் ஓட்டு வீடுகள் முளைத்தன. கல்கத்தாவில் வாடகை கொடுக்க முடியாதவர்கள் ராம்ராஜாதலா, சாந்த்ராகாச்சி, மௌரிகிராம் என்று இந்த வரிசையில் குடியேறினார்கள். காலை லோக்கலில் ஒரே பெட்டியில் நாலு அட்டர்னி ஆபீஸின் ஆட்கள், இரண்டு பாரிஸ்டர் பாபுக்கள், ஷெரீஃப் ஆபீஸ் எழுத்தர் ஒருவர், ஹவுரா கோர்ட் முஹுரிகள் ஒரு கும்பல். சீட்டாட்டம் ஒரு மூலையில். மற்ற மூலையில் காஸ் லிஸ்ட். எதிரெதிர்க் கட்சியின் ஆபீஸ்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, இன்று உன் ஆள் டைம் கேட்பானா மாட்டானா என்று பேசுவார்கள். கட்சிக்காரனின் ரகசியத்தை எவனும் வாய் திறந்து சொன்னதில்லை. தேதியைச் சொல்வார்கள், விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். இந்த வரம்பை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெட்டியில் ஒருவன் அதை மீறியபோது மற்றவர்கள் ஒரு மாதம் அவனோடு சீட்டாடவில்லை, அதிலிருந்து கற்றேன். ஹவுராவில் இறங்கி, பாலத்தின் மேல் டிராம் பிடித்து டல்ஹௌசி.

பயிற்சியின் நடு நெஞ்சு லிமிடேஷன், அதாவது கெடுக் கணக்கு. மாவட்டக் கோர்ட்டில் அப்பீலுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள் என்று சட்டக் காலேஜ் மாணவனும் சொல்வான். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் காலம் அதில் கழியும் என்றும் சொல்வான். ஆனால் நகலுக்கு மனுப் போட்ட நாளிலிருந்துதானே கழிவு ஆரம்பிக்கிறது? ஆகவே தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே, கட்சிக்காரன் அப்பீல் போகிறானோ இல்லையோ, நகல் மனு கவுன்டரில் விழுந்திருக்க வேண்டும். இதைச் சொல்பவன் குமாஸ்தா. கடைசி நாள் பூஜா விடுமுறைக்குள் விழுந்தால் கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு நாளில் ஃபைலிங் கவுன்டரில் இருக்கும் கூட்டத்தைக் காளிகாட் கோயிலில்தான் பார்க்க முடியும். 1977ல், என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதே என்னும் கேவியட் மனுவுக்குச் சட்டத்தில் இடம் வந்தது. அதற்கு ஆயுள் 90 நாள். தொண்ணூற்றோராவது நாள் எதிராளி சத்தமில்லாமல் தடை வாங்கிவிடுவான். பொரோ பாபு இதற்கென்றே சிவப்பு அட்டை டைரி வைத்திருந்தார். எல்லாத் தேதியும் மூன்று நாள் முன்னதாகவே எழுதியிருக்கும். அவர் கணக்கில் கோர்ட்டின் காலண்டரும் ஆபீஸின் காலண்டரும் எப்போதும் மூன்று நாள் வித்தியாசம்.

வரைவு எழுதக் கற்றது கடைசியில்தான். பிராதுக்கு மோகா புத்தகம், பத்திரத்துக்கு டிசூசா. மாதிரியைப் பார்த்து எழுதிக்கொண்டு போனால், “இதில் உன் கட்சிக்காரன் எங்கே?” என்பார் பொரோ பாபு. முதலில் தேதிப் பட்டியல் எழுத வேண்டும்: எந்த நாளில் எந்தக் கடிதம், அதற்கு எப்போது பதில், பதில் வராத கடிதம் எது. பதில் வராத கடிதத்தில்தான் வழக்கு இருக்கும் என்பது அவர் கட்சி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “மாயவரத்தில் அமீனா சார்வு செய்யாமல் திருப்பின சம்மனில்தான் வழக்கு இருக்கும்” என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கூலி விஷயமும் சொல்ல வேண்டும். பாரிஸ்டர் ஃபீஸ் ரூபாயில் எழுதுவது இழுக்கு, ஜி.எம்., அதாவது தங்க மொஹர் கணக்கு. மொஹர் புழக்கத்தில் இல்லாமல் போய் எத்தனையோ காலமான பின்பும் ப்ரீஃபின் மேல் ஜி.எம். என்றே எழுதினோம். கல்கத்தாவில் ஒரு ஜி.எம். 17 ரூபாய், பம்பாயில் 15. பதினாறு ரூபாய் சாஹேபுக்கு, பதினேழாவது பாபுவுக்கு என்று ஓல்ட் போஸ்ட் ஆபீஸ் தெருவில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, பாபுக்கள் வட்டாரத்தில் அதை யாரும் மறுத்ததில்லை.

அந்தப் பாபுக்களில் ஒருவர் இலக்கியத்திலேயே இடம் பிடித்தார். அவரும் ஆற்றுக்கு இந்தக் கரைக்காரர், ஹவுராவில் வளர்ந்தவர். மணிசங்கர் முகர்ஜி, வாசகர்களுக்குச் சங்கர். வக்கீலாக இருந்த அப்பா சின்ன வயதிலேயே இறந்துபோக, டைப்ரைட்டர் துடைப்பது, தெருவில் பொருள் விற்பது என்று கிடைத்ததையெல்லாம் செய்தவர். பிறகு நோயல் பார்வெல்லிடம் பாபுவாகச் சேர்ந்தார். கல்கத்தா ஹைகோர்ட்டின் கடைசி ஆங்கிலேய பாரிஸ்டர் பார்வெல்தான். அவர் இறந்ததும் சிலை வைக்கவோ தெருவுக்குப் பெயர் சூட்டவோ குமாஸ்தாவால் முடியுமா? புத்தகம் எழுதினார். 1950களின் நடுவில் வந்த ‘கத அஜானாரே’ அப்படிப் பிறந்தது. பிறகு வந்த ‘சௌரங்கி’யில் ஹோட்டலில் வேலைக்குச் சேரும் கதைசொல்லியும், பாரிஸ்டர் முதலாளியை இழந்து வேலையற்று நிற்கும் குமாஸ்தாதான். சத்யஜித் ராய் இவருடைய ‘சீமாபத்தா’வையும் ‘ஜன ஆரண்ய’வையும் படமாக்கினார். பொரோ பாபுவுக்கு முதல் புத்தகம் மட்டும்தான் பிடிக்கும். மற்றதில் கோர்ட் இல்லை என்பார்.

1977 ஜனவரி முதல் தேதியோடு இரட்டை முறை போயிற்று. அட்வகேட்ஸ் சட்டத்தைத் திருத்தி, கல்கத்தாவிலும் பம்பாயிலும் எஞ்சியிருந்த அட்டர்னிகளை எல்லாம் ஒரே நாளில் அட்வகேட் ஆக்கிவிட்டார்கள். செலவு குறையும் என்றார்கள். ஓரளவு குறைந்தது என்றே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வழக்குக்கு இரண்டு பேருக்கு ஃபீஸ் கட்டுவது ஏழைக்குத் தாங்கும் விஷயமில்லை. ஆர்ட்டிகிள்டு கிளார்க் என்ற பயிற்சியும் அதோடு முடிந்தது. யாரும் அதற்காக அழவில்லை. அட்டர்னிகளுக்கு அட்வகேட் பட்டம் கிடைத்தது, பாரிஸ்டர்கள் சீனியர் ஆனார்கள். மேனேஜிங் கிளார்க் மேனேஜிங் கிளார்க்காகவே இருந்தார்.

ஏணி போன கதைக்கு வருகிறேன். 1879ம் ஆண்டு லீகல் பிராக்டிஷனர்ஸ் சட்டம் பிளீடர், முக்தார் என்று கீழ்க் கோர்ட்டுகளில் தொழில் செய்தவர்களையெல்லாம் வரிசைப்படுத்தியது. அதில் பின்னர் ஏற்றிய 36ம் பிரிவுதான் எங்கள் வர்க்கத்தைத் தொட்டது. வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகர்களின் பட்டியலை ஒவ்வொரு கோர்ட்டிலும் தொங்கவிட வேண்டும், பெயர் வந்தவனைக் கோர்ட் வளாகத்துக்குள் விடாமல் தடுக்கலாம் என்றது அந்தப் பிரிவு. தரகன் இருந்தான், இன்றும் இருக்கிறான், இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஹவுரா ஸ்டேஷனிலேயே கட்சிக்காரனின் கையைப் பிடித்து இழுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். என் வருத்தம் வேறு. வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் பட்டம் பெறாதவனைச் சட்டம் நினைத்துப் பார்த்ததே அந்தச் சந்தேகத்தோடுதான். அவனுக்கு என்ன தெரிய வேண்டும், அதை எப்படிச் சோதிப்பது, தேறினால் எங்கே போகலாம் என்று ஒரு வரி இல்லை. 1961ம் ஆண்டு அட்வகேட்ஸ் சட்டம் எல்லாரையும் ஒரே பெயரில் கொண்டுவந்து, சட்ட டிகிரி இல்லாதவனுக்குக் கதவைச் சாத்தியது. சம்புநாத் பண்டிட் போன வழியும் முத்துசாமி ஐயர் போன வழியும் அதோடு அடைபட்டன. பகலில் ஆபீஸ், மாலையில் சட்டக் காலேஜ் என்று கொஞ்ச காலம் ஒரு சந்து திறந்திருந்தது. என் ரயில் நண்பர்களில் சிலர் அதில் நுழைந்து வக்கீல் ஆனார்கள். பார் கவுன்சிலின் 2008 விதிகள் வகுப்பு நேரத்தைக் காலை எட்டுக்கும் மாலை ஏழுக்கும் நடுவில் வைத்ததும், அந்தச் சந்தும் ஆள் நுழைய முடியாதபடி ஒடுங்கிவிட்டது.

சலுகை ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் பொய். தமிழ்நாட்டில் 1999ல் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கு நல நிதிச் சட்டம் வந்தது, கேரளத்தில் 2003ல். மேற்கு வங்கத்திலும் முஹுரிகளுக்கென்று 1997ல் ஒரு சட்டம். செத்தால் குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம், உயிரோடு இருந்தால் அடையாள அட்டை. நல்லதுதான். அதில் படிப்பும் பதவியும் எங்கே?

இதற்கு நேர்மாறாக இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னால் என் சொந்த ஊர்க்காரர்களுக்கே கோபம் வருகிறது. அங்கே சொலிசிட்டர் ஆபீஸ்களின் மேனேஜிங் கிளார்க்குகள் 1892லேயே சங்கம் வைத்தார்கள். அது 1963ல் லீகல் எக்ஸிக்யூட்டிவ்களின் இன்ஸ்டிடியூட் ஆகி, ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதக்கூடிய தேர்வுகளை நடத்தியது. 2012ல் அரச சாசனம். அந்த வழியில் வந்தவர்கள் இன்று ஆபீஸில் பங்குதாரர் ஆகலாம். 2010ல் அவர்களில் ஒருவர் நீதிபதியாகவே ஆனார். அமெரிக்காவில் பாராலீகல் என்ற பேச்சு அறுபதுகளின் கடைசியில்தான் எழுந்தது. அங்கே பார் அசோசியேஷனே கமிட்டி வைத்து, பயிற்சிப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. நமக்கு மேனேஜிங் கிளார்க்கைக் கொண்டுவந்த தேசமே அவனுக்குத் தேர்வு வைத்துப் பட்டமும் கொடுத்துவிட்டது. நாம் அவனுக்குக் கடிகாரம் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டில் பாராலீகல் என்றால் இப்போது இரண்டு அர்த்தம். ஒன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009ல் தொடங்கிய பாராலீகல் வாலன்டியர் திட்டம். அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், மாணவர், நன்னடத்தையுள்ள நீண்டகாலச் சிறைவாசி என்று பலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஏழைகளுக்கும் இலவசச் சட்ட உதவிக்கும் நடுவே நிறுத்துகிறார்கள். மதிப்பூதியம் மட்டும், கட்சிக்காரனிடம் காசு வாங்கக் கூடாது. ஜெயிலில் ஜாமீன் மனு எழுதத் தெரியாமல் கிடப்பவனுக்கு இதன் அருமை தெரியும். குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்னொன்று, காசு கட்டிச் சேரும் டிப்ளமோக்கள். பாடத்திட்டம் சிலதைப் பார்த்தேன். அரசியல் சாசனம் இருக்கிறது, ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது, தொடர்பாடல் திறன் இருக்கிறது. நகல் மனுவை எந்த நாளில் போடுவது என்று இல்லை. கோர்ட் திருப்பி அனுப்பிய பிராதை என்ன செய்து மறுபடி தாக்கல் செய்வது என்று இல்லை. கவுன்டர் எதையும் காணாமல் கவுன்டர் வேலைக்குப் பட்டம்.

அந்த வேலையின் மதிப்பு எங்கள் தெருவிலேயே தெரிந்த கதை ஒன்று. 1992ல் ஹூக்ளியின் இரண்டாவது பாலம் திறந்தபின், அதை பம்பாய் ரோடோடு இணைக்க கோனா எக்ஸ்பிரஸ்வே வந்தது. சுற்றுவட்டாரத்தில் பலருக்கு நிலம் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான். கொடுத்த நஷ்டஈடு பிடிக்காவிட்டால், 1894ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 18ம் பிரிவில் கலெக்டருக்கு எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்ல அப்போது இடம் இருந்தது. தீர்வு சொல்லும்போது நேரில் இருந்தவனுக்கு அதற்குக் கெடு ஆறு வாரம். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். ஆட்சேபத்தோடு வாங்குகிறேன் என்று எழுதி வாங்கினாயா என்று முதலில் கேட்டவர், தினமும் அதே லோக்கலில் போகும் ஹவுரா கோர்ட் முஹுரி. நல்லவேளை, பக்கத்து வீட்டுக்காரர் அப்படி எழுதித்தான் வாங்கியிருந்தார். அன்று மாலையே முஹுரியின் வீட்டுத் திண்ணையில் மனு தயாரானது. வக்கீல் கையெழுத்துப் போட்டது இரண்டு நாள் கழித்து. கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது, பிற்பாடு கூடுதல் தொகையும் வந்தது. முஹுரிக்குக் கிடைத்தது அவர் வழக்கமான கூலி.

இப்போது ஹவுரா மைதானத்திலிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது, 2024 மார்ச்சிலிருந்து. கோர்ட் வாசலிலேயே ஸ்டேஷன். 2007ல் ஆரம்பித்த ஈ-கோர்ட்ஸ் திட்டம் காஸ் லிஸ்டைக் கட்சிக்காரன் கைப்பேசிக்கே கொண்டுவந்துவிட்டது. தாக்கல் செய்வதும் திரைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. முஹுரி இனி எதற்கு என்று இளம் வக்கீல்கள் கேட்கிறார்கள். ஹவுரா கோர்ட் தாழ்வாரத்தில் முஹுரிகள் உட்காரும் செரெஸ்தா மேஜைகள் குறைந்ததும் உண்மை. ஆனால் ஸ்கேன் செய்த பிராது குறையோடு திரும்பி வரும்போது அந்த இளம் வக்கீல் கைப்பேசியை எடுத்து யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். சிலர் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பார் கவுன்சிலுக்கு நான் வைக்கும் விண்ணப்பம் சிறியது. பத்து வருஷம் பதிவு பெற்ற குமாஸ்தாவாக வேலை பார்த்தவனுக்கு நடைமுறைச் சட்டத்தில் ஒரு தேர்வு வையுங்கள். தாக்கல், லிமிடேஷன், டிக்ரி நிறைவேற்றம், பத்திரப் பதிவு, இவ்வளவு போதும். தேறியவனுக்கு மாலை நேரத்தில் சட்டம் படிக்க இடம் கொடுங்கள். ஆபீஸ்களில் சம்பளத்துக்கு ஒரு தரம் நிர்ணயம் செய்யுங்கள். டிப்ளமோ நடத்துகிறவர்கள் பாதிப் படிப்பை ரிஜிஸ்திரி கவுன்டரில் நடத்தட்டும், முஹுரிகளையே வாத்தியாராக வைத்து. கேள்வித்தாள் தயாரிக்க ஆள் இல்லையென்றால் சாந்த்ராகாச்சிக்குச் சொல்லி அனுப்புங்கள். இந்த லைனில் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள் இன்னும் சிலர் இருக்கிறோம், கூலி கேட்க மாட்டோம்.